மலைக்கு அப்பால் பெய்யும் மழை

திருப்பூரின் தண்ணீர்க் கணக்கைத் திருப்பூரில் உட்கார்ந்து எழுத முடியாது. வருஷம் முழுக்கப் பெய்வதைக் கூட்டினாலும் இந்த மாவட்டத்துக்குக் கிடைப்பது 600 மில்லிமீட்டரைச் சுற்றித்தான். நேர்கோட்டில் பார்த்தால் நூறு கிலோமீட்டருக்குள் இருக்கும் வால்பாறைச் சின்னக்கல்லாற்றில் அது மூவாயிரத்தைத் தாண்டிவிடுகிறது. தென்மேற்கிலிருந்து வரும் மேகம் ஆனைமலையின் அந்தப் பக்கமே சுமையை இறக்கிவிடுகிறது. ஆனியிலும் ஆடியிலும் பல்லடத்துக்கும் தாராபுரத்துக்கும் வந்து சேர்வது காற்று மட்டும்.

ஆகையால் இங்கே மக்காச்சோளம் விதைப்பவரும், சாயப்பட்டறை நடத்துபவரும், குழாயடியில் குடம் வைப்பவரும் நம்பியிருப்பது வேறொருவர் ஊர் மழையை. பரம்பிக்குளம், சோலையாற்று நீர் இயற்கையின்படி கேரளக் கடலுக்குப் போக வேண்டியது. மலையைக் குடைந்து நாம் கிழக்கே திருப்பிக் கொண்டுவருகிறோம். அமராவதி அணைக்கு வரும் பாம்பாறு கேரளத்து மறையூர், காந்தளூர்ப் பக்கத்திலிருந்து இறங்குவது. பவானி நீலகிரியில் பிறந்து, அமைதிப் பள்ளத்தாக்கு, அட்டப்பாடி வழியாகக் கேரளத்துக்குள் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத்தான் பில்லூருக்கு வருகிறது. வெள்ளியங்கிரியில் தொடங்கிக் காவிரியில் கலக்கும் நொய்யல் ஒன்றுதான் முழுக்க நம்முடையது. அதை நாம் வைத்திருந்த லட்சணம் ஊரறிந்தது.

நம் பகுதி நீர் அமைப்புகளின் வரலாற்றை எழுதித் தரச் சொன்னார்கள் மலர்க் குழுவினர். அணை கட்டிய கதையும் அடிக்கல் நாட்டிய கதையும் பல மலர்களில் வந்துவிட்டன. நான் வேறொரு நூலைப் பிடித்துக்கொண்டு போகிறேன். தண்ணீரைப் பங்கு போட்டுக்கொள்ள நாம் சீக்கிரமே வாரியம் அமைத்துவிட்டோம். மேலே எவ்வளவு பெய்தது, கீழே எப்போது வந்து சேரும் என்ற சேதியைப் பங்கு போட்டுக்கொள்ள அதைவிட நெடுங்காலம் பிடித்தது. இன்னும் முடிந்தபாடில்லை.

பரம்பிக்குளம்–ஆழியாறு (பி.ஏ.பி.) திட்டத்திலிருந்தே ஆரம்பிக்க வேண்டும். அதற்காகக் குரல் கொடுத்த முன்னோடிகளில் வேட்டைக்காரன்புதூர் வி.கே. பழனிசாமி கவுண்டரின் பெயர் முதலில் வரும். சென்னையில் காமராஜரும் அவருடைய அமைச்சர் சி. சுப்பிரமணியமும், திருவனந்தபுரத்தில் முதல்வர் ஈ.எம்.எஸ். நம்பூதிரிபாடும் இருந்த காலம் அது. 1961 அக்டோபர் 7-ல் பிரதமர் நேரு திட்டத்தைத் தொடங்கிவைத்தார். பி.ஏ.பி. விவசாயிகள் அந்த நாளை இன்றும் கொண்டாடுகிறார்கள். வேடிக்கை என்னவென்றால், இரு மாநிலங்களும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டது 1970 மே 29-ல்தான். ‘1958 நவம்பர் 9 முதல் செல்லும்’ என்று அதில் எழுதிக்கொண்டார்கள். இடைப்பட்ட பன்னிரண்டு வருஷம் காகிதத்துக்குக் காத்திராமல் பேச்சின் பேரிலேயே வேலை நடந்தது. இன்றைக்கு இரண்டு மாநிலங்களுக்கு நடுவே அப்படி ஒரு சுரங்கம் தோண்ட முடியுமா என்று யோசித்துப் பாருங்கள்.

ஒப்பந்தத்தோடு பிறந்தது கூட்டு நீர் ஒழுங்காற்று வாரியம். இரண்டு பக்கத்துப் பொறியாளர்களும் அதில் உண்டு. அவர்களுடைய நீர் ஆண்டு ஜூலை 1-ல் தொடங்கி ஜூன் 30-ல் முடிகிறது. பொள்ளாச்சிக்கு மேற்கே மணக்கடவு அணைக்கட்டில் வருஷத்துக்கு 7.25 டி.எம்.சி. சித்தூர்ப் புழைக்காகக் கேரளத்துக்கு விட வேண்டும். கேரளச் சோலையாற்று அணைக்கு 12.3 டி.எம்.சி. தர வேண்டும். அந்த அணை செப்டம்பர் 1-லும் பிப்ரவரி 1-லும் நிறைந்திருக்க வேண்டும். மணக்கடவில் எடுக்கும் அளவு இரண்டு மாநிலத்துக் கணக்கிலும் ஏறுகிறது. மேலே சர்க்கார்பதி மின்நிலையத்திலிருந்து 49 கிலோமீட்டர் நீளும் காண்டூர் கால்வாய், மலைச்சரிவைப் பிடித்துக்கொண்டே திருமூர்த்தி அணைக்கு வருகிறது. அங்கிருந்து பிரதானக் கால்வாய் கிளம்பி, உடுமலை, பல்லடம், பொங்கலூர் தாண்டிக் காங்கேயம், வெள்ளகோவில் கடைமடை வரை போகிறது.

செப்டம்பர் 1 என்ற அந்தத் தேதியில் கொஞ்சம் நிற்க வேண்டும். அது பார்வைக்குச் சட்ட வாசகம். ஆனால் அதற்குள் ஒரு வானிலைக் கணிப்பு ஒளிந்திருக்கிறது. ஜூன், ஜூலையில் நல்ல மழை பெய்து, ஆகஸ்டில் தணிந்துவிடும், அதற்குள் அணை நிறைந்துவிடும் என்று அன்றைக்கு இருந்தவர்கள் கண்ட அனுபவத்தைத் தேதியாக்கி வைத்தார்கள். அறுபது வருஷத்தில் மழை அந்தத் தேதியை மதிக்காமல் போய்விட்டது. 2018-ல் ஆகஸ்ட் நடுவில்தான் கேரளத்தைப் புரட்டிப் போட்ட வெள்ளம் வந்தது. மறு வருஷமும் ஆகஸ்டில்தான் கொட்டியது. செப்டம்பர் 1-ல் அணை நிறைந்திருக்க வேண்டும் என்றால், ஆகஸ்ட் கடைசியில் வரும் வெள்ளத்தை வாங்க அதில் இடம் இருக்காது. இடம் வைத்தால் ஒப்பந்தம் இடிக்கிறது. நாலைந்து நாள் முன்கூட்டி நம்பகமான மழைக் கணிப்பும், அதை இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் பார்க்கும் ஏற்பாடும் இருந்தால் மட்டுமே இந்தச் சிக்கலைச் சமாளிக்க முடியும். 2018 வெள்ளத்தின்போது கேரளத்தில் மத்திய நீர் ஆணையத்துக்கு வெள்ள முன்னறிவிப்பு நிலையம் ஒன்றுகூட இல்லை. இந்த அணைகளின் உபரி போய்ச் சேரும் சாலக்குடி ஆறு கரையைத் தாண்டியபோது, மேலே யார் எவ்வளவு திறந்தார்கள் என்பதில் குற்றச்சாட்டும் மறுப்புமாக நாட்கள் ஓடின.

நான்கு வருஷம் கழித்து இன்னொரு பாடம் வந்தது. 2022 செப்டம்பர் 21 விடிவதற்குள், பரம்பிக்குளம் அணையின் மூன்று மதகுகளில் நடு மதகின் சங்கிலி அறுந்து மதகே அடித்துக்கொண்டு போனது. அணை இருப்பது கேரளத்தின் பாலக்காட்டு மாவட்டத்தில். அதைப் பராமரிப்பது தமிழக நீர்வளத் துறை. வெளியேறிய வெள்ளம் போனது பெரிங்கல்குத்து வழியாகச் சாலக்குடி ஆற்றுக்கு. வினாடிக்குச் சுமார் 20,000 கனஅடி. அன்று இரவே கேரளம் ஆற்றோரத்தில் எச்சரிக்கை விட்டது, கீழே இருந்த அணையைத் திறந்து வழி செய்தது. உயிர்ச்சேதம் இல்லை. சேதி சரியான நேரத்தில் சரியான ஆளிடம் போய்ச் சேர்ந்ததன் பலன் அது. மழை அப்போது ஓய்ந்திருந்ததும் அதிர்ஷ்டம். நம் பக்கம் நஷ்டம் வேறு விதம். சுமார் 6 டி.எம்.சி. தண்ணீர் கடலுக்குப் போனது. வெள்ளகோவில் விவசாயி அந்த வாரம் நாளிதழில் பாலக்காட்டுச் சேதியைத்தான் முதலில் தேடிப் படித்திருப்பார்.

திருமூர்த்தியில் தண்ணீர் திறக்கும் முறையும் ஒரு கணிப்பு வேலைதான். ஆயக்கட்டு 3.77 லட்சம் ஏக்கர். அதை நான்கு மண்டலமாகப் பிரித்து, ஒரு மண்டலத்துக்கு இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை முறை வைத்துத் திறக்கிறார்கள். திறப்புக்கு முன்னால் பகிர்மானக் கமிட்டித் தலைவர்களும் பொறியாளர்களும் உட்கார்ந்து, தொகுப்பு அணைகளில் இருப்பு எவ்வளவு, இனி வரத்து எவ்வளவு இருக்கும், எத்தனை சுற்று கொடுக்கலாம் என்று பேசுகிறார்கள். இருப்பை அளந்துவிடலாம். வரத்தைத்தான் ஊகிக்க வேண்டும். ‘அஞ்சு சுத்துக் கொடுங்க’ என்று கடைமடைக்காரர் கேட்பதும், ‘இருப்பு பத்தாது, நாலு பாக்கலாம்ங்க’ என்று அதிகாரி இழுப்பதும் வருஷா வருஷம் நடக்கிறது. இரண்டு பேரும் வானத்தைப் பற்றித்தான் வாதம் செய்கிறார்கள், ஆனால் வானிலைக்காரர் அந்தக் கூட்டத்தில் இல்லை. என்னைக் கேட்டால், ஒரு நாற்காலி அவருக்கும் போட வேண்டும்.

அமராவதியின் கதை சின்னது. 1957-ல் கட்டி முடித்த 90 அடி அணை, 4 டி.எம்.சி. கொள்ளளவு, திருப்பூர், கரூர் மாவட்டங்களில் சுமார் 55 ஆயிரம் ஏக்கர். நீர்ப்பிடிப்பில் கணிசமான பகுதி கேரளத்தில். காவிரி நடுவர் மன்றம் 2007 தீர்ப்பில் கேரளத்துக்கு ஒதுக்கிய 30 டி.எம்.சி.யில் 3 டி.எம்.சி. இந்தப் பாம்பாற்றில் இருக்கிறது, 6 பவானியில். அங்கே அவர்கள் தடுப்பணை என்று பேச்செடுத்தால் இங்கே கூட்டம் கூடுகிறது. பங்கு விஷயத்தில் இருக்கும் இந்த விழிப்பு மழையளவு விஷயத்தில் இல்லை. அணை 88 அடியை நெருங்கினால் கொழுமம், மடத்துக்குளம், தாராபுரம், கரூர் வரை தண்டோரா, ஒலிபெருக்கி, இப்போது வாட்ஸப் என்று எச்சரிக்கை போகிறது. அது அணையைப் பார்த்துக் கொடுக்கும் எச்சரிக்கை. மலையில் பெய்ததைப் பார்த்துக் கொடுத்தால் கரையில் இருப்பவருக்கு இன்னும் சில மணி நேரம் மிஞ்சும்.

மத்திய நீர் ஆணையம் நம் ஆறுகளை அளந்துகொண்டுதான் இருக்கிறது. பவானியில் நெல்லித்துறை, சவண்டப்பூர், மாயாற்றில் தெங்குமரஹாடா, நொய்யலில் எழுநூத்திமங்கலம், அமராவதியில் நல்லமரன்பட்டி என்று பெயர்ப் பட்டியல் நீளும். இந்த அளவுகள் நடுவர் மன்றக் கணக்குகளுக்கும் நீதிமன்றக் கோப்புகளுக்கும் உதவின. ஆற்றோரத்துக்காரர் பெயர்கூடக் கேள்விப்பட்டிருக்க மாட்டார்.

இனி பனியன் ஊரான திருப்பூருக்கு வரலாம். தொண்ணூறுகளில் இங்கே தண்ணீர் என்றால் டேங்கர் லாரி. சுற்றுவட்டார கிராமத்துக் கிணறுகளில் எடுத்து, சாயப்பட்டறைக்கும் சலவைப்பட்டறைக்கும் கொட்டினார்கள். தோட்டத்தில் விவசாயம் செய்வதைவிடக் கிணற்றைக் குத்தகைக்கு விடுவது லாபம் என்ற நிலை. அந்த நெருக்கடியில் பிறந்ததுதான் 1995-ல் பதிவான புதிய திருப்பூர் வளர்ச்சிக் கழகம். ஏற்றுமதியாளர் சங்கமும் மாநில அரசு நிறுவனமும் ஐ.எல்.&எஃப்.எஸ். நிதி நிறுவனமும் கை கோத்து, பவானிக்குக் கீழே காவிரியில் நாளொன்றுக்கு 18.5 கோடி லிட்டர் எடுத்து, ஐம்பது கிலோமீட்டருக்கு மேல் குழாய் போட்டுக் கொண்டுவந்தார்கள். செலவு ஆயிரம் கோடியைத் தாண்டியது. 2006 வாக்கில் தண்ணீர் ஓடத் தொடங்கியது. தனியார் பங்கோடு இந்தியாவில் நடந்த முதல் பெரிய குடிநீர், தொழில் நீர்த் திட்டங்களில் ஒன்று. ஊருக்குத் தண்ணீர் கிடைத்தது. கூடவே ஷிப்மென்ட் தேதிக்கும் காவிரியில் மேலே இருக்கும் மேட்டூர் அணையின் நீர்மட்டத்துக்கும் முடிச்சு விழுந்தது. அதைக் கவனித்தவர்கள் குறைவு.

கழிவு நீர் விஷயத்தை மலரில் எழுதலாமா என்று தயங்கத் தேவையில்லை. ஊரே பேசித் தீர்த்ததுதான். 1992-ல் நொய்யலில் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை பாசனத்துக்கு என்று திட்டமிட்டது, சாயக் கழிவைத் தேக்கும் தொட்டியாகிப் போனது. நொய்யல் ஆயக்கட்டுதாரர் சங்கம் வழக்கு நடத்தியது. 2009-ல் உச்ச நீதிமன்றமும் கண்டிப்புக் காட்டியது. 2011 ஜனவரி 28-ல் சென்னை உயர் நீதிமன்றம், கழிவே வெளியேறாத முறைக்கு மாறும் வரை சாய ஆலைகளை மூடச் சொன்னது. எழுநூறுக்கும் மேற்பட்ட பட்டறைகள் ஒரே உத்தரவில் நின்றன. மறுசுழற்சிக்கு மாறித் திறந்த பிறகு பட்டறைகளுக்குப் புதுத் தண்ணீர்த் தேவை குறைந்தது. குழாய்த் தண்ணீரை நம்பிப் போட்ட நிதிக் கணக்கு ஆட்டம் கண்டது. ஊர் இன்று தன் தண்ணீரைத் தானே சுத்தம் செய்து திரும்ப உபயோகிக்கிறது. இதில் பெருமைப்பட நியாயம் இருக்கிறது. மழைக் காலத்தில் ஆற்றில் நுரை பொங்கியது என்ற புகார் அடிக்கடி வருவதும் உண்மை. வெள்ளத்தோடு வெள்ளமாகக் கழிவைத் திறந்துவிடுகிறவருக்கும் மழை முன்னறிவிப்பு பயன்படுகிறது என்பது கசப்பான வேடிக்கை.

அதே 2011 நவம்பரில் திருப்பூர் இன்னொன்றைக் கண்டது. ஒரே இரவுக் கனமழையில் ஜம்மனை ஓடையும் நொய்யலும் பொங்கி, கரையோரக் குடியிருப்புகளை அடித்துச் சென்றன. உயிர்களும் போயின. மழை மறைவுப் பகுதி என்று நாம் நம்பிக்கொண்டிருந்த ஊர் அது. நொய்யல் வெள்ளத்துக்கு நமக்கு ஒரு பழைய முன்னறிவிப்பு உண்டு. கோவைக்கு மேற்கே சித்திரைச்சாவடி தடுப்பணையில் தண்ணீர் வழிகிறது என்று சேதி வந்தால் இங்கே தயாராகலாம். ஊருக்கு மேலேயே மேகம் கொட்டும்போது அந்தச் சேதிக்கு வேலையில்லை. அப்போது தேவைப்படுவது ராடார். கொச்சி ராடாருக்கும் நமக்கும் குறுக்கே மலைத்தொடர் நிற்கிறது, சென்னையும் காரைக்காலும் வெகு தூரம். ஏற்காட்டில் ஒரு டாப்ளர் ராடார் வைக்க மாநில அரசு எடுத்திருக்கும் முடிவு கொங்குப் பகுதிக்கு நேரடியாகத் தொடர்புள்ளது. மாநிலம் முழுக்க 1,400 தானியங்கி மழைமானிகள், 100 தானியங்கி வானிலை நிலையங்கள் வைக்கும் திட்டமும் அதோடு சேர்ந்தது.

வானிலைக் கணிப்பில் நமக்கு வெளியிலிருந்து வந்த உதவி பலருக்குத் தெரியாது. கோவை வேளாண் பல்கலைக்கழகத்தின் காலநிலை ஆராய்ச்சி மையம், பருவம் தொடங்குமுன் மாவட்டவாரியாக மழைக் கணிப்பு வெளியிடுகிறது. நாளிதழில் எல்லோரும் பார்த்திருப்போம். அதற்கு உபயோகிப்பது ‘ரெயின்மேன்’ என்ற ஆஸ்திரேலிய மென்பொருள். பசிபிக் கடலின் மேற்பரப்பு வெப்பமும் தெற்கத்திய அலைவுக் குறியீடும் அதில் போகின்றன, திருப்பூர் மாவட்டத்துக்கு இத்தனை மில்லிமீட்டர் என்று வெளியே வருகிறது. நல்ல வேலைதான். ஆனால் திருமூர்த்தி ஆயக்கட்டுக்காரருக்குத் திருப்பூர் எண்ணால் பாதிப் பலன்தான், அவருக்கு வேண்டியது வால்பாறை எண். கோவை மாவட்டக் கணக்கிலோ வால்பாறையும் சூலூரும் ஒரே சராசரிக்குள் அடங்கிவிடுகின்றன. மாவட்ட எல்லைக்குப் பதில் ஆற்றுப் படுகை வாரியாகக் கணிப்பு கொடுத்தால் போதும், இந்தக் குறை தீரும்.

நாடுகளுக்கு நடுவிலும் இதே முயற்சி நடந்திருக்கிறது. தெற்காசிய நாடுகளின் வானிலைத் துறைகள் பருவமழை பற்றிக் கூடிப் பேசி ஒரே கணிப்பு வெளியிடும் மன்றம் 2010 ஏப்ரலில் புனேயில் முதல்முறை கூடியது. 2004 சுனாமிக்குப் பிறகு ஆசிய, ஆப்பிரிக்க நாடுகள் சேர்ந்து 2009-ல் தாய்லாந்தில் அமைத்த ரைம்ஸ் என்ற பல்பேரிடர் முன்னெச்சரிக்கை அமைப்பில் இந்தியாவும் உறுப்பு. அந்த அமைப்பின் துணையோடுதான் தமிழக அரசு 2018-ல் டி.என்.ஸ்மார்ட் என்ற எச்சரிக்கைத் தளத்தையும் செயலியையும் கொண்டுவந்தது. மழை, அணை இருப்பு, இடி மின்னல் எல்லாம் கைப்பேசியில் வருகின்றன. பாங்காக் பக்கத்தில் இருக்கும் அமைப்போடு ஒத்துழைக்க முடிகிறது. பாலக்காட்டு மழைமானியின் அன்றாட அளவு உடுமலைக்கு வருவதற்கு மட்டும் ஏன் கடிதப் போக்குவரத்து என்பது நியாயமான கேள்வி.

காற்றைப் பற்றி ஒரு வார்த்தை. பனியன் முதலாளிகள் பலர் பல்லடம், கேத்தனூர், பூளவாடி, உடுமலைப் பக்கம் காற்றாலை போட்டிருக்கிறார்கள். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று மே முதல் செப்டம்பர் வரை அவர்களுக்கு அறுவடை. நாளை எவ்வளவு மின்சாரம் வரும் என்று தெரியாவிட்டால் மின்வாரியம் காற்றாலையை நிறுத்தச் சொல்லும், நஷ்டம். அதனால் 2015-ஐ ஒட்டி இந்தியக் காற்றாலை மின் சங்கமும் சென்னையிலுள்ள தேசியக் காற்றாற்றல் நிறுவனமும் சேர்ந்து, ஸ்பெயின் நாட்டு நிறுவனத்தின் தொழில்நுட்பத்தோடு கணிப்பு முறை ஒன்றைக் கொண்டுவந்தன. காசு நஷ்டமாகும் என்றதும் கணிப்பு எவ்வளவு வேகமாக வருகிறது பாருங்கள். அதே மலையிடுக்கு வழியாக வரும் காற்றுக்கு நாளைய கணக்கு இருக்கிறது, தண்ணீருக்கு இல்லை. தண்ணீர்க்காரருக்கு அப்படிச் சங்கம் அமைத்துச் செலவு செய்யும் சக்தி கிடையாது. அரசுதான் செய்ய வேண்டும்.

இதற்கு இப்போது அவசரம் கூடியிருக்கிறது. அறுபது வருஷக் கோரிக்கையான அத்திக்கடவு–அவிநாசித் திட்டம் 2024 ஆகஸ்ட் 17-ல் தொடங்கியது. 1,916 கோடி ரூபாய், ஆறு நீரேற்று நிலையம், ஆயிரம் கிலோமீட்டரைத் தாண்டும் குழாய், கோவை, திருப்பூர், ஈரோடு மாவட்டங்களில் 1,045 குளம் குட்டைகள். காளிங்கராயன் அணைக்கட்டுக்குக் கீழே பவானியில் உபரியாக ஓடும் நீரை வினாடிக்கு 250 கனஅடி வீதம் 70 நாள் எடுத்தால் 1.5 டி.எம்.சி. என்பதுதான் கணக்கு. உபரி இருந்தால் மட்டும் எடுக்கலாம். அந்த எழுபது நாள் எது என்று முன்னால் தெரிந்தால் பம்ப்பும் ஆளும் மின்சாரமும் தயாராக இருக்கும், எந்தக் குளத்துக்கு முதலில் என்று முறை வைக்கலாம். தெரியாவிட்டால் உபரி வந்த பிறகு ஓட வேண்டும். பவானி வெள்ளத்துக்கு முதல் சேதி சொல்லக் கூடிய இடங்களில் அட்டப்பாடி முக்கியமானது. அதுவும் மலைக்கு அப்பால்தான் இருக்கிறது.

பி.ஏ.பி. ஒப்பந்தத்தை முப்பது வருஷத்துக்கு ஒருமுறை மறுபரிசீலனை செய்ய வேண்டும் என்று அதிலேயே இருக்கிறது. முதல் தவணை 1988 நவம்பரில் வந்தது, அப்படியே கடந்துபோனது. 2019 செப்டம்பர் 25-ல் இரு மாநில முதல்வர்களும் திருவனந்தபுரத்தில் சந்தித்தபோது, இதற்காக இரண்டு பக்கமும் குழு அமைப்பதாகப் பேசி முடித்தார்கள். குழுக்களும் அமைந்து, கூடிப் பேசவும் செய்தன. ஆனைமலையாறு–நல்லாறு திட்டம், மணக்கடவுக் கணக்கு என்று பேச நிறைய இருக்கிறது. எல்லாம் பங்கு பற்றிய பேச்சு, சீக்கிரம் முடியாது. அதுவரை காத்திராமல் செய்யக்கூடியது ஒன்று உண்டு. சோலையாறு, பரம்பிக்குளம், நீராறு, பாம்பாறு நீர்ப்பிடிப்புகளின் மழையளவும் அணைகளின் வரத்தும் தினமும் காலை 8 மணிக்கு இரண்டு மாநிலத்துக்கும் பொதுவான ஒரே பக்கத்தில் வர வேண்டும், வெள்ளகோவில் பாசன சபைத் தலைவரும் சாலக்குடி நகராட்சித் தலைவரும் அதைத் தங்கள் மொழியில் பார்க்க வேண்டும். இதற்கு ஒரு சொட்டுத் தண்ணீரைக்கூட யாரும் விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை. கூட்டு வாரியத்தின் அடுத்த கூட்டத்துக்கு நம் பாசன சபைகளும் ஏற்றுமதியாளர் சங்கமும் சேர்ந்தே இந்த மனுவைக் கொடுக்கலாம்.